உலவிப் பட்டியலும் சூளை வண்டியும்

1

எந்த மேடையிலும் நான் வாயடைத்து நின்றதில்லை. விருத்தாசலத்தில் பள்ளி ஆண்டுவிழாவில் தொடங்கி, கடலூர், விழுப்புரம், திருச்சி என்று கல்லூரிக் காலம் முழுவதும் ஒலிவாங்கிகளின் முன்னால் வளர்ந்தவள் நான். தலைப்பைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்து மூன்று நிமிடம் அவகாசம் தந்தால் போதும்; ஒட்டியும் பேசுவேன், வெட்டியும் பேசுவேன். இதைத் தற்பெருமை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். கோப்பைகள் அடுக்கிய அலமாரி எங்கள் வீட்டில் இன்னமும் இருக்கிறது. அத்தகைய என்னை ஒரு கைப்பேசித் திரை திகைக்க வைத்ததையும், அதன்பின் நடந்ததையும், நம் கல்லூரிப் பேச்சு மன்ற மலருக்காக எழுதுகிறேன்.

நெதர்லாந்தின் எய்ந்தோவன் நகருக்கு நான் வேலைக்கு வந்து நான்காண்டு நிறைந்த நாள் அது. வதிவிட அட்டையைப் புதுப்பிக்க அன்று காலை அலுவலகத்தில் நேரம் குறித்திருந்தார்கள். டச்சு மொழியிலேயே பேசிவிடுவது என்று ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த பெண்மணியிடம், "மதிப்புக்குரிய அம்மையீர், நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே போன்றதொரு மழைநாளில் உங்கள் நாட்டில் கால் வைத்த நான்..." என்று உரிய ஏற்ற இறக்கங்களோடு தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார்.

"உங்கள் கேள்வி என்ன?"

நடுவரை விளித்து, அவையை வணங்கி, அதன்பிறகே பொருளுக்குள் நுழையும் மரபில் பயின்றவளுக்கு அது பேரதிர்ச்சி. "அட்டை" என்ற ஒரே சொல்லைச் சொல்லிக் காகிதங்களை நீட்டினேன். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. அந்தப் பதற்றத்தில், வெளியே வரும்போது படிக்கட்டில் கைப்பேசியைத் தவறவிட்டேன். திரை சிதறியது. மாலையில் புதியது வாங்க வேண்டியதாயிற்று.

புதிய கைப்பேசியில் உலவியை, அதாவது நாம் பிரவுசர் என்கிறோமே, அதை முதன்முதலாகத் திறந்தபோது இணையம் வரவில்லை. ஒரு பட்டியல் வந்தது. உங்களுக்கு எந்த உலவி வேண்டும், நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றது. ஏறக்குறைய ஒரு டஜன் பெயர்கள். இரண்டு மூன்று எனக்குத் தெரியும். மற்றவை கேள்விப்படாதவை. மென்பொருள்களைச் சோதித்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவள் நான். எனக்கே தெரியாத பெயர்கள். ஊரில் நான் வாங்கிய எந்தக் கைப்பேசியும் இப்படியொரு கேள்வியைக் கேட்டதில்லை. இருப்பதைத் திறந்தோம், பயன்படுத்தினோம், அவ்வளவுதான்.

ஒரே நாளில் இந்த நாடு என்னிடம் இரண்டாம் முறையாகக் கேள்வி கேட்டிருந்தது. அதற்கு ஏதோ ஒரு விடையை அழுத்திவிட்டு, இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தேட உட்கார்ந்தேன்.

2

தேடியபோது கிடைத்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் பிறந்த காலத்தையொட்டி அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. உலகின் பெரும்பாலான கணினிகளை இயக்கும் இயங்குதளம் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. அந்நாளில் உலவி என்பது தனிப்பொருள். வேறொரு சிறு நிறுவனம் அதை விற்று வளர்ந்துகொண்டிருந்தது. பெரிய நிறுவனம் தானும் ஓர் உலவியைச் செய்து, இயங்குதளத்தோடு சேர்த்து இலவசமாகவே தந்துவிட்டது. சிறியவர் வீழ்ந்தார். அரசு நீதிமன்றத்துக்குப் போனது. இது ஒரே பொருளா, இரு பொருள்களா? இலவசமாகத் தருவது கொடையா, கொலையா? முதல் நீதிமன்றம் நிறுவனத்தை இரண்டாகப் பிளக்கவே ஆணையிட்டது. மேல்முறையீட்டில் அந்த ஆணை நிற்கவில்லை. பிறகு ஐரோப்பாவும் அதே கேள்வியைக் கையில் எடுத்தது. இன்று என் கைப்பேசியில் வந்த பட்டியல் அந்த வழக்குகளின் பேரப்பிள்ளை.

எவ்வளவு சுவையான தலைப்பு! ஒரு பேச்சாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? நான்காண்டு நிறைவைக் கொண்டாட வாங்கிய கேக்கை மறந்து படித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அத்தாவின், அதாவது என் அப்பாவின், குரல்செய்தி வந்தது.

எங்கள் அத்தா இப்ராஹிம், வளைகுடாவில் பதினோரு ஆண்டு உழைத்துத் திரும்பி, விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு சிறு கொட்டகை எடுத்தவர். பீங்கான் செய்பவர் அல்லர். பீங்கானுக்குப் பூசும் கிளேஸ் செய்பவர். மின்கம்பத்து இன்சுலேட்டரின் மேல் கண்ணாடிபோல் பழுப்பாக மின்னுமே, அந்தப் பூச்சுதான். கற்களை, உருளைக்குள் குண்டுகள் உருண்டு அரைக்கும் 'பால் மில்'லில் மாவாக அரைத்து, கரைத்து, கேன்களில் நிரப்பித் தருவார். வாங்கியவர்கள் தங்கள் சரக்கில் பூசி, அதே எஸ்டேட்டில் இருக்கும், நான் மாமா என்று அழைக்கும் தண்டபாணியின் கேஸ் சூளைக்குக் கொண்டுபோய் வேகவைத்துக்கொள்வார்கள். சிறிய பட்டறைகளுக்குச் சொந்தச் சூளை கட்டுப்படியாகாது. எஸ்டேட்டில் பாதிப் பேரின் சரக்கு மாமாவின் சூளை வண்டியில், அதாவது தட்டுகள் அடுக்கிச் சூளைக்குள் தள்ளும் சக்கர வண்டியில், ஏறித்தான் உள்ளே போகும்.

கிளேஸ்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கட்டைவிரல் அளவு பீங்கான் வில்லையில் அன்றைய கிளேஸைப் பூசி, வண்டியின் ஓர் ஓரத்தில் வைத்துவிடுவார்கள். வண்டி வெளியே வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது அந்த வில்லையைத்தான். நிறம் பிடித்திருக்கிறதா, வழிந்திருக்கிறதா, ஊசித்துளை விழுந்திருக்கிறதா என்று அதுவே சொல்லிவிடும். அத்தாவின் சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து வில்லைகள் கிடக்கும். நடந்தால் கிணுகிணுக்கும். என் பேச்சுப் போட்டிகளுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும், அந்த ஓசையை வைத்தே அவர் வந்துவிட்டார் என்று கண்டுகொள்வேன்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அத்தாவின் குரல்செய்திகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கப் பழகியிருந்தேன். அவர் நிதானமாகப் பேசுபவர். எனக்கு நேரமில்லை என்பது என் எண்ணம். அன்றைய செய்தியிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: தண்டபாணி மாமா தாமே கிளேஸ் செய்யத் தொடங்கி, சூளைக்கு வருகிறவர்களுக்கு அதை இலவசமாகவே தருகிறார். அத்தாவிடம் வாங்குவோர் குறைகிறார்கள். இதைப் பேச ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டுச் சங்கக் கூட்டம். அங்கே முடிவு மாமாவின் பக்கம் போனால் கொட்டகையை மூட வேண்டியதுதான். வேலை செய்யும் ஐந்து பேரையும் அனுப்ப வேண்டியதுதான். "நீதாம்மா பேச்சு எழுதித் தரணும். நான் பாத்துப் படிச்சுடறேன்."

கைப்பேசியில் கண்ட வழக்கு எங்கள் கொட்டகை வாசலிலேயே நடந்துகொண்டிருந்தது.

3

அத்தாவுக்கான உரையை இரண்டு மணி நேரத்தில் எழுதி அனுப்பினேன். 'இலவசம் என்பது தூண்டில் முள்ளில் குத்திய புழு' என்பது அதன் உச்சம். சிறு தொழிலை அழிக்கும் இலவசத்தை அனுமதியோம் என்று அடுக்கடுக்காக வைத்திருந்தேன்.

அதே வாரத்தில் இன்னொன்றும் இருந்தது. எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் கூடி நடத்தும் கோடை விழாவில் சனிக்கிழமை சொற்போர். தலைப்புக் கேட்டார்கள். சூட்டோடு சூடாக நானே தந்தேன்: 'இயங்குதளத்தோடு உலவியை இணைத்துத் தருவது பயனருக்கு வசதியா, சந்தைக்கு அநீதியா?' அணிகளைத் திருவுளச்சீட்டு முடிவு செய்தது. எனக்கு விழுந்தது 'வசதி'. அதாவது, பெரிய நிறுவனத்தின் பக்கம்.

சீட்டை மாற்றிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சீட்டு விழுந்த பக்கம் நின்று வெல்வதே பேச்சாளருக்கு அழகு என்பது நம் மன்றத்தின் விதி. அதில் எனக்கு இறுமாப்பும் உண்டு. ஆனால் வாதங்கள் வேண்டுமே. இணைத்துத் தருபவர் உள்ளபடி என்ன நினைக்கிறார்? அதை அறியும் ஆவல் என்னைப் பிடித்துத் தள்ளியது. தண்டபாணி மாமாவையே அழைத்துவிட்டேன்.

"யாரு, நம்ம பாய் பொண்ணா! எப்டி இருக்கே பாப்பா? அங்க வெயிலே அடிக்காதாமே?"

"நல்லா இருக்கேன் மாமா. ஒரு சந்தேகம். கிளேஸ ஏன் சும்மா தர்றீங்க? ஒரு பட்டிமன்றத்துக்கு வேணும்."

"பாய் கேக்கச் சொன்னாரா, நீயா கேக்கறியா?"

"நானாத்தான்."

"அப்ப சொல்றேன். வண்டிய உள்ள தள்ளிக் கதவ சாத்திட்டா, உள்ள என்ன நடக்குதுன்னு எனக்கே தெரியாது. வெளிய இழுத்தா எவன் கிளேஸோ வழிஞ்சு தட்டோட ஒட்டிக்கிட்டு நிக்குது. சரக்குக்காரன் எங்கிட்ட சண்டைக்கு வரான். நான் கிளேஸ்காரனக் கை காட்டறேன். அவன் 'உன் சூளைல சூடு சரியில்ல'ன்னு என்னக் கை காட்டறான். சரக்கு போனவன் நடுவுல முழிக்கிறான். எல்லாத்தயும் நானே குடுத்துட்டா, திட்டு வாங்குறதும் ஒருத்தன்தான பாப்பா?"

"அத்தா கிளேஸ் வழிஞ்சிருக்குதா மாமா?"

"பொய் சொல்ல மாட்டேன். பாய் கிளேஸு வழியாது. மில்லு ஓடி முடியற வரைக்கும் பக்கத்துல நாற்காலி போட்டு ஒக்காந்திருப்பாரு மனுசன். ஆனா பாய்க்கு ஒரு சட்டம், இன்னொருத்தனுக்கு ஒரு சட்டம்னு வெக்க முடியுமா? சரி, பட்டிமன்றம் என்னிக்கு? செல்லுல வருமா? அனுப்பு, பாக்கறேன்."

அந்த நிமிடத்தில் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. மாறாக, வியப்பு. அமெரிக்க நீதிமன்றத்தில் பெரிய பெரிய வழக்கறிஞர்கள் அடுக்கிய வாதம் இதுவேதான்: இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி வேலை செய்ய வேண்டும், ஒருவரே பொறுப்பேற்க வேண்டும். சூளை வாசலில் நிற்கும் மாமா அதைக் கட்டணம் வாங்காமல் எனக்குச் சொல்லிவிட்டார். நேரலை இணைப்பை அவருக்கு அனுப்பிவைத்தேன். அது எங்கே போய் முடியும் என்று எண்ணிப்பார்க்கவில்லை.

4

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் தங்களுக்குள் டச்சில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள்; பின்வரிசைப் பெற்றோர் தமிழில் அவர்களை அதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நடுவர் அவர்களே! வீடு கட்டித் தருபவர் கதவையும் சேர்த்துத் தந்தால் அது குற்றமா? கதவு வியாபாரிக்காக வாசலைத் திறந்தே போட்டுவிட்டுப் போக வேண்டுமா? இலவசமாய்த் தருவது எங்கே குற்றமாகும்? பழுது வந்தால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட, நடுவில் நின்று விழிப்பவர் யார்? பயனரல்லவா!"

கைதட்டல் எனக்குப் பழக்கமான உயரத்தில் எழுந்தது. எதிரணித் தலைவி கிருத்திகா, மருத்துவமனை ஒன்றில் வேலை பார்ப்பவர், அலங்காரமில்லாமல் பேசுவார். "கதவைத் தரட்டும்," என்றார். "வேறு கதவு மாட்ட நிலைச்சட்டத்தில் ஓர் ஆணிக்குக்கூட இடம் விடமாட்டேன் என்றால்?"

நான் சிரித்துக்கொண்டே, "அன்புத் தோழி கதவைத் திறக்கச் சொன்னால் ஆணியைத் தேடுகிறார்" என்றேன். அவை குலுங்கியது. தீர்ப்பு எங்கள் பக்கம்.

தேநீர் நேரத்தில் கிருத்திகா அருகே வந்தார். "நல்லாத்தான் பேசுற. நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லல, தெரியும்ல?"

"சிரிச்சாங்கல்ல?"

"அது பதிலாடி?"

5

மறுநாள் காலை ஏழரை மணி. ஊரில் பதினொன்று. நான் எழுதிய உரையை அத்தா படிப்பதைக் கேட்க வேண்டும் என்று காணொளி அழைப்பில் இருந்தேன். அத்தா கைப்பேசியைப் பாதி வெளியே தெரிய, மல்லாந்தாற்போல் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் சங்கக் கட்டடத்தின் கூரையும் சுழலும் மின்விசிறியும். அருகில் வில்லைகளின் கிணுகிணு ஓசை.

தண்டபாணி மாமாவின் குரல் கேட்டது.

"நான் பேசறத வுட, பாய் பொண்ணு பேசறதக் கேளுங்க. நேத்து வெளிநாட்டுல பேசியிருக்குது. பிரமாதம்!"

அடுத்த நொடி ஒலிபெருக்கியில் என் குரல். 'இலவசமாய்த் தருவது எங்கே குற்றமாகும்?' வீடு, கதவு, கைகாட்டல் என்று எல்லாமே முறையாக வந்தன. நெதர்லாந்தின் கைதட்டல் முடிந்த இடத்தில் விருத்தாசலத்தின் கைதட்டல் தொடங்கியது.

யாரோ உரக்கச் சொன்னார்: "என்னா பாய், ஒங்க வூட்டுலயே எதிர்க்கட்சியா?"

மண்டபமே சிரித்தது. சனிக்கிழமை நான் எழுப்பிய அதே சிரிப்பு. காகிதம் சரசரத்தது, என் உரை. 'தூண்டில் முள்ளில் குத்திய புழு' என்று அத்தா இனி எப்படிப் படிப்பார்? என் இரு பேச்சுகளும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன. நடுவில் நின்றவர் அத்தா. மின்விசிறி மேலும் கீழும் அசைந்தது, அவர் எழுந்துவிட்டார்.

"எம் பொண்ணு ரெண்டு பேச்சு குடுத்துச்சு. ஒண்ண இப்ப கேட்டீங்க. இன்னொண்ணு எங்கையில இருக்குது. ரெண்டுமே நல்லாருக்குது. அதனால ரெண்டயும் வுட்டுடறேன்."

மறுபடி சிரிப்பு; ஆனால் இது வேறு சிரிப்பு.

"தண்டபாணி சும்மா குடுக்கறாரு, குடுக்கட்டும். சூளை அவுருது, கிளேஸு அவுருது. அத வேணாம்னு சொல்ல நான் யாரு? ஆனா போன மாசத்துலேர்ந்து என் வில்லைய வண்டில வெக்க வுட மாட்டேங்கறாரு. எடமில்லையாம். எங்கிட்ட சூளை இல்ல. வேகாத வில்லைய யாருகிட்டங்க காட்டுவேன்?"

"எடம்னா அது சரக்கு வெக்கிற எடம் பாய்," என்றார் மாமா.

"கட்ட வெரல் அளவு வில்லைண்ணே," என்று ஒரு பெண்குரல் குறுக்கிட்டது. பீங்கான் ஃபியூஸ் பட்டறை வைத்திருக்கும் செல்வி அக்கா. "நான் வில்லையப் பாத்துத்தான் எதப் பூசறதுன்னு முடிவு பண்ணுவேன். சும்மா குடுக்கறீங்கன்னு கண்ண மூடிக்கிட்டுப் பூசணுமா?"

"வழிஞ்சா என் தட்டு போவுதே, அதுக்கு யாரு?"

"என் கிளேஸு வழிஞ்சு ஒட்டுனா தட்டுக்கு நான் பொறுப்பு," என்றார் அத்தா. "எழுதியே குடுக்கறேன்."

அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. ஒரு கட்டத்தில் மாமா, "அவுரு கிளேஸு வழியாதுன்னு எனக்கே தெரியும், அதயா எழுதி வாங்கப் போறேன்?" என்று சலித்துக்கொண்டதும் வாக்குவாதத்தின் சூடு இறங்கியது. முடிவு இதுதான். எந்தக் கிளேஸ்காரரும் வண்டியில் ஒரு வில்லை வைக்கலாம். வழிந்தால் அந்தக் கிளேஸ்காரரே பொறுப்பு. சூளைச் சீட்டில் புதிதாக ஒரு வரி: 'கிளேஸ் யாருடையது?' சரக்குக்காரரே எழுத வேண்டும். மாமாவுடையது வேண்டுமானால் முன்போல இலவசம்.

அழைப்பைத் துண்டித்துவிட்டு, அத்தாவின் பழைய குரல்செய்தியைத் தேடி எடுத்து, இயல்பான வேகத்தில் கேட்டேன். மூன்றாம் நிமிடத்தில் அது இருந்தது. "சும்மா குடுக்கறது கூடப் பரவால்லம்மா. வில்லைய வெக்க வுட மாட்டேங்கறாரு, அதான்." நான் அதைத் தாண்டிப் போயிருந்தேன். இலவசத்தின்மேல் போர் தொடுக்கும் உரையை எழுதி, அவர் கேட்காத ஆயுதத்தை அவர் கையில் திணித்திருந்தேன்.

அதன்பின் அந்த அமெரிக்க வழக்கின் தீர்ப்பை மறுபடி திறந்தேன். சொற்போருக்காக என் அணிக்கு உதவும் பகுதியை மட்டும் படித்திருந்தேன். பேச்சாளர்களின் பழக்கம் அது. மீதியில் இருந்தது நான் எதிர்பாராதது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் உலவியை இலவசமாகத் தந்ததைக் குற்றம் என்று சொல்லவில்லை. கணினி செய்பவர்கள் அந்த உலவியை எடுத்துவிட்டு வேறொன்றை முன்னே வைக்க முடியாதபடி ஒப்பந்தங்களால் கட்டியதையும், பயனர் நீக்க முடியாதபடி அதைப் பின்னியதையும்தான் தவறு என்றது. கிருத்திகாவின் ஆணி. அத்தாவின் வில்லை. பக்கம் பக்கமாக நீண்ட அத்தீர்ப்பை அன்று முழுக்கப் படித்தேன், சலிக்கவே இல்லை.

6

ஒரு மாதம் கழித்து அத்தா அழைத்தார். அந்த மாதத்துச் சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் 'தண்டபாணி' என்றே இருந்ததாம். மூன்று பட்டறைகள் மட்டும் 'பாய்' என்று எழுதியிருந்தன. அதில் ஒன்று செல்வி அக்கா; மற்ற இருவர் இதுவரை அத்தாவிடம் வாங்காதவர்கள்.

"மூணு பேரா? இலவசம்னா எல்லாரும் அங்கதான் போவாங்களா?" என்று நான் கொதித்தேன். "யோசிக்கவே மாட்டாங்களா அத்தா?"

"மூணு பேரு வந்திருக்காங்கம்மா. மூணு பேருக்கு மில்லு ஓடும். வேலை செய்யறவங்கள்ல ரெண்டு பேர நிறுத்த வேண்டியதாப்போச்சு. மீதி மூணு பேரு இருக்காங்க. அடுத்த மாசம் பாக்கலாம்." பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "ஆமா, ஒன் புது போனு கேட்டுச்சுன்னியே, ஒரு பட்டியல் காட்டி. நீ எத எழுதுனே?"

"எப்பவும் இருக்கறதத்தான் அத்தா."

"எல்லாத்தயும் பாத்துட்டா?"

"இல்ல. கீழ வரைக்கும் போகவே இல்ல."

அத்தா வயிறு குலுங்கச் சிரித்தார். வில்லைகளும் சேர்ந்து கிணுகிணுத்தன. "சரி சரி, வெச்சுடவா? வண்டி வெளிய வருது. வில்லையப் பாக்கணும்."

கால்மணி நேரத்தில் படம் வந்தது. அத்தாவின் உள்ளங்கையில் பழுப்பு நிற வில்லை. வழியவில்லை. ஓரத்தில் மின்விளக்கின் வெளிச்சம் சின்னக் கோடாகத் தெரிந்தது.

அதைப் பார்த்துவிட்டு, கைப்பேசியின் அமைப்புகளுக்குள் போய் அந்த உலவிப் பட்டியலை மறுபடி திறந்தேன். பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே கடைசிவரை இறங்கினேன். கடைசிக்கு முந்திய பெயரை எங்கும் கேட்டதில்லை. அதை அழுத்தினேன். இக்கட்டுரைக்காகச் சரிபார்த்ததையெல்லாம் அதில்தான் சரிபார்த்தேன். சில பக்கங்கள் சற்றுத் தாமதமாகத் திறக்கின்றன. தமிழ் எழுத்துகள் நன்றாகவே தெரிகின்றன. ஒரு மாதம் வைத்துப் பார்க்கப் போகிறேன்.